மாதிரி விமானத்தின் கேனபியை வண்ணம் பூசுமுன் மறைக்கும் முறை

விமானி அறையை மூடும் ஒளிபுகும் மூடிதான் கேனபி; மாதிரியில் அது பிளாஸ்டிக்தான் என்றாலும் கண்ணாடி என்றே சொல்வேன். அதன் சட்டங்களுக்கு மட்டும் வண்ணம் பூச, இடையிலுள்ள கண்ணாடியை டேப்பால் மறைக்க வேண்டும். 1/72 அளவு மாதிரியில் கேனபிச் சட்டம் எவ்வளவு அகலம் இருக்கும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால், இந்த வேலையைத் தொடங்கும்போது பலருக்கும் ஏன் கை நடுங்குகிறது என்பது விளங்கிவிடும். உண்மையான விமானத்தில் 4 செ.மீ. அகலமுள்ள சட்டம் 1/72 அளவில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். 1/48 அளவில் 0.8 மி.மீ. இருக்கும், 1/32 அளவில்கூட 1.25 மி.மீ.தான். டேப் கால் மில்லிமீட்டர் விலகி ஒட்டினாலே 1/72 மாதிரியில் சட்டத்தின் பாதி அகலம் போய்விடும். மெல்லிய தூரிகையால் நேராகத் தீட்டிவிடும் கைத்திறன் சிலருக்கு வாய்த்திருக்கிறது. எனக்கு வாய்க்கவில்லை, ஆகவே டேப்பை நம்பியே இதுவரை வேலை செய்து வருகிறேன்.

கேனபி முழுவதையும் டேப்பால் மூடி, சட்டத்தின் மேடு தெரியும் இடத்தில் கத்தியால் கீறி, வேண்டாத பகுதியை உரித்தெடுப்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் முறை. ஒரு ஸ்டூகா விமானத்தின் நீண்ட கேனபியில் நானும் அப்படித்தான் செய்தேன். பதினோராவது கட்டத்தில் (சட்டங்களுக்கு இடையிலுள்ள கண்ணாடிப் பகுதியைத்தான் கட்டம் என்கிறேன்) கத்தி மேட்டைத் தாண்டி வழுக்கி, கண்ணாடியின் குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிட்டது. அதன் பிறகு எனக்கு ஒரே விதிதான்: வெட்டும் வேலை கேனபியின் மேல் நடக்கக் கூடாது. டேப்பை வேறிடத்தில் மெல்லிய பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் அந்தப் பட்டைகளைப் பதித்து, நடுப்பகுதியைப் பிறகு நிரப்ப வேண்டும். நேரம் இரண்டு மடங்காகும். ஆனால் கீறல் விழாது.

ஒளிபுகும் பிளாஸ்டிக் மற்ற பாகங்களைவிட எளிதில் நொறுங்கக் கூடியது. ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து, கேனபியைப் பிரிக்கும்போது நிப்பரை (வெட்டுக் குறடை) பாகத்திற்கு மிக அருகில் வைத்து நறுக்கினால், வெட்டிய இடத்திலிருந்து வெண்மையான விரிசல் உள்ளே ஓடும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு, எஞ்சியதை அரத்தால் தேய்த்து எடுப்பது நல்லது. மறைக்கத் தொடங்குமுன் கேனபியை விமான உடலின்மேல் வைத்துப் பொருத்தம் பார்த்துவிடுங்கள். அடியோரத்தைத் தேய்க்க வேண்டியிருந்தால் அதற்கு உரிய நேரம் இதுவே. பிறகு மென்மையான சோப்பு நீரில் கழுவி, கைரேகை படாமல் உலர்த்த வேண்டும். தரைக்கு மெருகேற்றும் அக்ரிலிக் திரவத்தில் ஒருமுறை முக்கி எடுத்தால் கண்ணாடி மேலும் தெளிவாகும். நுண்ணிய கீறல்களும் மறையும். முக்கியதும் அடியோரத்தில் தேங்கும் துளியை மெல்லிய காகிதத்தால் ஒற்றியெடுத்து, தூசி படியாதவாறு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாளே டேப் ஒட்டும் அவசரம் கூடாது; காயாத படலம் டேப்போடு உரிந்து வரும்.

டேப்பைப் பொறுத்தவரை, தாமியா நிறுவனத்தின் மஞ்சள் நிறக் காகித டேப்போ, அதே வகைக் காகிதத்தாலான வேறொன்றோ போதும். வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசும்போது ஒட்டும் தடித்த டேப் இதற்கு உதவாது. அதன் விளிம்பில் வண்ணம் வரம்புபோல் தேங்கி நிற்கும். சுருளின் பக்கவாட்டு விளிம்பில் எப்போதும் தூசியும் இழைகளும் ஒட்டியிருக்கும் என்பதால் அந்த விளிம்பை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் டேப்பை ஒட்டி, எஃகு அளவுகோலை வைத்து, புதிய பிளேடால் முதலில் அந்த ஓரத்தை நறுக்கி எறிந்துவிட்டு, ஒரு மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பிளேடு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மழுங்கிய பிளேடு காகிதத்தை வெட்டாமல் கிழிக்கும்; கிழிந்த விளிம்பு வழியேதான் வண்ணம் உள்ளே கசியும்.

முதல் பயிற்சிக்கு மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 ஜி ரகத்தின் கேனபி ஏற்றது. அதன் கட்டங்கள் பெரும்பாலும் தட்டையானவை, சட்டங்கள் நேர்கோட்டில் செல்பவை. பக்கவாட்டுக் கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால் சட்டத்தின் மேடு ஒரு நிழற்கோடாகத் தெரியும். இடுக்கியால் ஒரு பட்டையை எடுத்து, அதன் வெளி விளிம்பு அந்த நிழற்கோட்டின்மேல் சரியாக விழுமாறு வைத்து, முதலில் ஒரு நுனியை மட்டும் அழுத்துங்கள். மறுநுனியைத் தூக்கியவாறே கோட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் முழுவதையும் படிய விட வேண்டும். பட்டையை இழுத்து ஒட்டக் கூடாது; இழுத்து ஒட்டிய டேப் சில மணி நேரத்தில் சுருங்கி மூலையிலிருந்து விலகும். மூலையில் சேரும் முனையை, ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடித் துண்டின்மேல் தேவையான சாய்வில் வெட்டிக்கொள்ளுங்கள். பட்டைகள் உட்புறமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கவலையில்லை; வெளி மூலையில் மட்டும் இடைவெளி இருக்கக் கூடாது. நான்கு பக்கமும் பதித்தபின், உளிமுனைபோல் சீவிய பல்குச்சியால் விளிம்பு நெடுக அழுத்தித் தேயுங்கள். நன்றாகப் படிந்த இடத்தில் டேப்பின் மஞ்சள் சற்றே அடர்ந்து தெரியும். வெளிறிய திட்டு எங்காவது தென்பட்டால் அங்கே காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். நடுவில் எஞ்சும் சதுரத்தை ஒரு துண்டு டேப்பாலோ, தடவிக் காய்ந்ததும் உரிக்கக்கூடிய படலமாகும் திரவ மறைப்பானாலோ மூடிவிடலாம்.

வளைந்த கட்டங்களில் ஒரு மில்லிமீட்டர் பட்டை மடங்கி நிற்கும். அங்கே அரை மில்லிமீட்டராகக் குறைத்தால் அது வளைவோடு ஓரளவு ஒத்துப்போகும். நீண்டு வளையும் வினைல் டேப் இதற்கென்றே கிடைக்கிறது. ஆனால் அதுவும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால், ஒட்டிய அன்றே வண்ணம் பூசிவிட வேண்டும். ஹெய்ன்கெல் 111, பி-29 ஆகியவற்றின் கண்ணாடி மூக்குப் பகுதியைப் போலக் கட்டங்கள் மிகப் பலவாக இருக்கும்போது, வெட்டியே வரும் ஆயத்த மறைப்புகளை வாங்குவதில் தவறில்லை. எடுவார்ட் நிறுவனம் இவற்றைக் காகித டேப்பிலேயே தயாரிக்கிறது. எந்த உற்பத்தியாளரின் மாதிரிக்காக வெட்டப்பட்டவை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே விமானமானாலும் ஒரு கிட்டுக்கு (மாதிரிப் பாகங்களின் பெட்டிக்கு) உரியது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

திரவ மறைப்பானை மட்டுமே தடவி ஒரு கேனபியை முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அதன் ஓரம் எங்கே நிற்கிறது என்பது தூரிகையின் போக்கைப் பொறுத்தது. காய்ந்தபின் கத்தியால் திருத்தப் போனால் ரப்பர்போல் இழுபட்டுக் கிழியும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரப்பர் பால் கலந்த இத்தகைய திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும். தரை மெருகுத் திரவத்தைக் கரைத்து எடுக்கவே அம்மோனியாவைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் முக்கியெடுத்த கேனபியின்மேல் இதைத் தடவினால் கண்ணாடி மங்கிப் போகலாம். எனவே நடுப்பகுதியை நிரப்பும்போதும் முதலில் வேண்டாத ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

வெளிப்பக்கத்தை முடித்தவுடன் உட்பக்கத்தை மறந்துவிடுவது வழக்கமான தவறு. வண்ணத்தைக் காற்றால் தூவும் ஏர்பிரஷிலிருந்து வரும் வண்ணத் துகள் அடியிலுள்ள இடைவெளி வழியே உள்ளே போய்க் கண்ணாடியின் உட்புறம் படியும். கேனபியைத் தனியே வைத்துப் பூசுவதானால் உட்குழிவில் டேப்பை நிரப்பி, ஒரு குச்சியின் முனையில் பொருத்திப் பிடித்துக்கொள்ளலாம்.

பூசும் வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒளிபுகும் பாகத்தில் முதலில் விழும் அடுக்குதான் உள்ளிருந்து பார்க்கும்போது தெரியும். ஆகவே விமானி அறையின் நிறத்தைச் சட்டத்தின்மேல் முதலில் பூசி, அதன்மேல் வெளிப்புற நிறத்தைப் பூச வேண்டும். மேற்சொன்ன 109 ஜி ரகத்திற்கு ஆர்.எல்.எம். 66 (ஜெர்மானிய விமான அமைச்சகத்தின் வண்ண எண்) என்ற கருஞ்சாம்பல் முதலில் வரும். இவை இரண்டிற்கும் முன்பாக நிறமற்ற வார்னிஷை ஒரு தூவல் தூவிவிடுவது என் பழக்கம். டேப்பின் ஓரத்தில் எங்காவது நுண்ணிய வழி இருந்தால் வார்னிஷ் அதை அடைத்துவிடும். உள்ளே கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஏர்பிரஷின் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அளவில் போதும். டேப்பின் மேலிருந்து சட்டத்தை நோக்கித் தூவ வேண்டும். எதிர்த்திசையில் தூவினால் காற்று வண்ணத்தை விளிம்புக்கு அடியில் தள்ளும். ஈரம் மினுங்கும் அளவுக்கு ஒரேயடியாகப் பூசாமல், மெல்லிய நான்கைந்து தூவல்களாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததைத் தொடருங்கள்.

பளபளப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ் அடித்து முடியும்வரை மறைப்பை உரிக்க வேண்டாம். தெளிந்த கண்ணாடியின்மேல் அது படிந்தால் மூடுபனிபோல் ஆகிவிடும். அதற்காக மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் ஆபத்துதான். பசை கண்ணாடியில் தங்கிவிடும். உரிக்கும்போது பல்குச்சியால் ஒரு மூலையைக் கிளப்பி, டேப்பை அதன்மேலேயே பின்னோக்கி மடித்து, தாழ்ந்த கோணத்தில் மெல்ல இழுக்க வேண்டும். வண்ணம் தடித்து டேப்போடு பாலம் கட்டியிருந்தால் மட்டும், விதிவிலக்காக, பிளேடு முனையை அந்த இணைப்பின்மேல் பாரமில்லாமல் ஓட்டலாம். தங்கிய பசையின்மேல் புதிய டேப் துண்டை ஒட்டி ஒட்டி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். கசிந்த வண்ணத்தைக் கூர்மையான பல்குச்சியால், சட்டத்தின் ஓரத்தை அளவுகோல்போல் பிடித்துக்கொண்டு, சுரண்டலாம். மரம் பிளாஸ்டிக்கைவிட மென்மையானது என்பதால் கீறாது.

உடலோடு ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலமாகப் படியும். வெள்ளைப் பசையைப் பல்குச்சியால் அடியோரத்தில் மெல்லிய கோடாக இட்டுக் கேனபியைப் பொருத்தி, பிதுங்கி வருவதை ஈரமான பஞ்சுக் குச்சியால் துடைத்து, இரவு முழுவதும் அசையாமல் விட்டுவிடுங்கள்.