ஆர்பி ட்ரீல நோடை தூக்குற கோடை சுருக்குறது எப்படி

மண்டபம், கீழக்கரை பக்கம் காலேஜ் படிக்கிற தம்பிங்க லினக்ஸோட உள்மையமான கர்னலுக்கு எதாச்சும் சின்ன பேட்ச் (கோடு திருத்தம்) போடணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இது. ஆர்பி ட்ரீன்னா ரெட் பிளாக் ட்ரீ, டேட்டாவை நோடு நோடா வரிசைல வச்சு, ஒரு பக்கமா சாஞ்சிராம பேலன்ஸ் பண்ணிக்கிற மரம். கர்னல் சோர்ஸ்ல ஃபைல் சிஸ்டம் போல்டர்ல எறங்கி, ட்ரீல இருந்து நோடை கழட்டுற ஆர்பி எரேஸ்ங்கற ஃபங்ஷனை தேடுங்க, கொட்டும்.

கோடை தொடுறதுக்கு முன்னாடி ஒரே கேள்விதான். இந்த நோடை எடுத்த பின்னாடி அந்த ட்ரீயை வேற யாரும் பாப்பாங்களா? பாப்பாங்கன்னா ட்ரீ எப்பவும் பேலன்ஸா இருக்கணும், ஆர்பி எரேஸ் கட்டாயம். மொத்த ட்ரீயையும் அழிக்கப் போறோம், இனி யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்கன்னா பேலன்ஸ் பண்றது வெட்டி வேலை. கருவாட்டுக் கொட்டகையை பிரிக்கும்போது ஓலையை எறக்கி, குறுக்குக் கம்பை கழட்டி, கடைசியா காலை புடுங்குவோம், ஒவ்வொரு கம்பு எடுக்கும்போதும் மிச்சத்தை யாராச்சும் நிமித்தி கட்டுவாங்களா? அதான் போஸ்ட் ஆர்டர், புள்ளைங்க மொதல்ல, அப்பன் கடைசி.

நல்ல உதாரணம் லினக்ஸோட ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4. டைரக்டரியை படிக்கிறப்ப ஃபைல் பேருங்களை ஹாஷ் (பேர்ல இருந்து கணக்குப் போட்டு எடுக்கிற நம்பர்) வரிசைல ஒரு ஆர்பி ட்ரீல வச்சுக்கும், டைரக்டரியை மூடுனதும் மொத்தமா அழிக்கும். பழைய கோடு இடது புள்ளை இருக்கா எறங்கு, வலது இருக்கா எறங்கு, ரெண்டும் இல்லையா ஃப்ரீ பண்ணு (மெமரியை திருப்பிக் கொடு), அப்புறம் அப்பன் கிட்ட ஏறி இந்தப் புள்ளையை காட்டுற அவன் பாயின்டரை நல் (காலி) ஆக்குன்னு ஒரு பக்கத்துக்கு ஓடும், படிக்கிறதுக்குள்ள கண்ணு கட்டிரும். 2013ல ஆர்பிட்ரீ போஸ்ட்ஆர்டர் ஃபார் ஈச் என்ட்ரி சேஃப்னு போஸ்ட் ஆர்டர்ல சுத்துற ஒரு மேக்ரோ (ரெடிமேட் லூப்) வந்துச்சு, அதை போட்டதும் அம்புட்டும் சில வரிக்குள்ள அடங்கிருச்சு. ஒரே ஹாஷ் வர்ற பேருங்க ஒரு நோடுக்குள்ளயே சங்கிலியா தொங்கும், அதனால உள்ளுக்குள்ள இன்னொரு சின்ன லூப் மட்டும் இருக்கும், அதை அனாவசியம்னு நெனச்சு தூக்கிறாதீங்க, மெமரி லீக் ஆயிரும்.

முக்கியமானது இதுதான். அந்த மேக்ரோ பேர்ல சேஃப்னு இருக்கேன்னு நம்பி லூப்புக்குள்ள ஆர்பி எரேஸ் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டா ட்ரீ சுழண்டு வரிசை மாறி சில நோடு விட்டுப் போயிரும். ஃப்ரீ மட்டும் பண்ணுங்க, லூப் முடிஞ்சதும் ட்ரீயோட உச்சியை காட்டுற ரூட்டை ஆர்பி ரூட்ங்கற காலி மதிப்பா ஆக்குங்க, இல்லைன்னா செத்த நோடை காட்டிக்கிட்டு நிக்கும். நடுவுல லாக்கை (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் தொடுறதுக்கான பூட்டு) விட்டுவிட்டு புடிக்கிற கோடா இருந்தா இந்த பக்கமே வராதீங்க, பாதி அழிஞ்ச ட்ரீயை இன்னொருத்தன் வந்து தேடுவான். அங்க ஆர்பி ஃபர்ஸ்ட்டால மொத நோடை எடுத்து எரேஸ் பண்ற பழைய லூப்புதான் சரி, கொஞ்சம் மெதுவா இருந்தாலும் பரவால்ல.

சிலதை மட்டும் பொறுக்கி எடுக்கணும்னா எரேஸ் பண்றதுக்கு முன்னாடியே ஆர்பி நெக்ஸ்ட்டால அடுத்த நோடை வாங்கி வச்சுக்கோங்க. எரேஸ் நோடை ட்ரீல இருந்து கழட்டுமே தவிர நோடுக்குள்ள இருக்குறதை தொடைக்காது, அதனால நோடு உயிரோட இருந்து பின்னாடி எம்ப்டி நோடான்னு செக் பண்ற கோடு இருந்தா ஆர்பி கிளியர் நோடும் கூப்பிடணும், அடுத்த வரியே மெமரியை விடுற கேஃப்ரீன்னா அது தேவையில்ல, அந்த மாதிரி சும்மா கிடக்கிற வரியை தூக்குறதே ஒரு பேட்ச்தான். ஆக இடது நோடையும் ஞாபகம் வச்சிருக்கிற கேஷ்டு ரூட்னா எரேஸ் கேஷ்டுதான் கூப்பிடணும், சாதா எரேஸ் கூப்பிட்டா ஆக இடது நோடை காட்டுற பாயின்டர் பழசாவே நிக்கும்.

டெஸ்ட்டுக்கு தப்பா மெமரியை தொடுறதை காட்டுற கேஏசான், மெமரி லீக்கை காட்டுற கேமெம்லீக் ரெண்டையும் ஆன் பண்ணி கர்னல் கட்டி, கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரா ஓடுற க்யூஎம்யூல ஓட்டுங்க, சொந்த லேப்டாப்புல நேரா வேணாம். பாம்பன் காத்துல கரண்டு எப்ப போகும்னு சொல்ல முடியாது, ஃபுல் பில்டை சார்ஜ் ஏத்திட்டு ஆரம்பிங்க, அப்புறம் மாத்துன ஃபைலை மட்டும் திரும்ப கட்டி கர்னலோட சேத்தா போதும். ஒரே டைரக்டரில ஆயிரக்கணக்குல ஃபைல் உருவாக்கி, பாதி படிச்சுட்டு மூடுறது, முழுசா படிச்சுட்டு மூடுறதுன்னு மாத்தி மாத்தி ஓட்டிட்டு கர்னல் மெசேஜை காட்டுற டிமெசேஜ் பாருங்க, யூஸ் ஆஃப்டர் ஃப்ரீன்னு (விட்ட மெமரியை திரும்ப தொட்டதுன்னு) எதாச்சும் வந்தா பேட்ச்சை அனுப்பாதீங்க.