நிக்டோ காட்டுன ஓட்டையில முக்காவாசி பொய், ஒண்ணு மட்டும் நிஜம்
என் சொந்த சைட்டை ஒருநாள் ராத்திரி, வெப்சைட்ல பாதுகாப்பு ஓட்டை தேடுற நிக்டோங்கிற டூலை போட்டு ஸ்கேன் பண்ணேன் (அடுத்தவங்க சைட்ல பர்மிஷன் இல்லாம ஓட்டிடாதீங்க, ஐடி ஆக்ட்ல கேஸ் ஆயிடும்), ரிப்போர்ட்டை பாத்ததும் வயித்தை கலக்கிடுச்சு, இல்லாத ஃபைல் எல்லாம் இருக்குன்னு பக்கம் பக்கமா காட்டுது. சந்தேகப்பட்டு கர்ல்ல (கமாண்ட் அடிச்சு வெப் பக்கத்தை கேக்குற டூல்) வாய்க்கு வந்த ஒரு ஃபைல் பேரை கேட்டா அதுக்கும் 200 ஓகேன்னு, அதாவது இருக்குன்னு பதில்! "பக்கம் இல்லை"ன்னு அழகா டிசைன் பண்ண நான், அது இல்லைன்னு டூலுக்கு புரியிற 404 கோடு அனுப்ப மறந்துட்டேன், டூல் என்ன பண்ணும் பாவம். அதை மாத்துனதும் லிஸ்ட் சுருங்கிடுச்சு.

மிச்சத்துல ஒண்ணுதான் நிஜம். கோடோட பழைய மாற்றமெல்லாம் சேமிச்சு வைக்கிற டாட் கிட் (.git) ஃபோல்டர் வெளிய திறந்து கிடக்கு, அதை வச்சே மொத்த சோர்ஸ் கோடையும், பழைய கமிட்ல (முன்னாடி சேமிச்ச பதிப்பு) இருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் உருவிடலாம். என் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்ல அந்த ஃபோல்டரை யாரும் தொடாதபடி டினை (deny) போட்டு, பாஸ்வேர்டையும் மாத்திட்டு மறுபடி ஓட்டுனேன், போயிடுச்சு.