சிறிய அறைக்கு ஒரு கச்சிதமான மின் ரேடியேட்டர்: நீங்களே வடிவமைப்பது எப்படி?

ஹீட்டர் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். ஆனால் வாட்டை உண்டாக்குவதில் கஷ்டமே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்பிச் சுருளே 2000 வாட் வெப்பம் தந்துவிடும், என்ன, அது செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். அந்த வெப்பத்தைத் திரைச்சீலை கருகாமல், கை பட்டதும் தோல் கொப்புளிக்காமல் அறைக்குள் அனுப்புவதுதான் வடிவமைப்பு வேலை. அதைத் தீர்மானிப்பது பரப்பளவு. சிறிய ரேடியேட்டர் செய்யும்போது நாம் மல்லுக்கட்டப் போவது முழுக்க முழுக்க இந்தப் பரப்பளவோடுதான்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்தடையால் சூடாகும் எல்லா ஹீட்டர்களும் ஒரு வாட் மின்சாரத்துக்கு ஒரு வாட் வெப்பம்தான் தரும். எண்ணெய் நிரப்பியது, பீங்கான், மைக்கா என்று பெயர் மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. வெப்பம் எவ்வளவு வேகமாக வருகிறது, எந்தப் பக்கம் போகிறது, மேற்பரப்பு எவ்வளவு சுடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. கணக்குப் போடுவது, படம் வரைவது, தகடு வெட்டுவது எல்லாம் நீங்கள் செய்யலாம். வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் வேலையையும் கடைசிச் சோதனைகளையும் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஹீட்டர் என்பது ஆள் தூங்கும்போதும் ஓடுகிற கருவி.

படி 1: அறைக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்?

"இத்தனை சதுர அடிக்கு இத்தனை வாட்" என்ற பொது விதிகளை நான் நம்புவதில்லை. அறையிலிருந்து வெப்பம் வெளியேறும் வழிகளைக் கூட்டிப் பார்த்தால் போதும், பத்தே நிமிட வேலை.

உதாரணத்துக்கு 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள ஒரு படிப்பறை. ஒரே ஒரு சுவர்தான் வெளிப்புறம் பார்க்கிறது, அதில் 1.2 சதுர மீட்டர் ஜன்னல். மற்ற பக்கங்களிலும் மேலும் கீழும் வீட்டின் வேறு அறைகள். வெளியே 8 டிகிரி செல்சியஸ், உள்ளே 20 வேண்டும். வித்தியாசம் 12 டிகிரி.

சுவர், ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் யு மதிப்பு என்று ஒன்று உண்டு. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் கசிகிறது என்பதே அது. இருபுறமும் பூசிய சாதாரண செங்கல் சுவருக்கு சுமார் 2, ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு சுமார் 5.5 என்று வைத்துக்கொள்ளலாம்.

சுவர்: 6.3 × 2 × 12 = 151 வாட்.
ஜன்னல்: 1.2 × 5.5 × 12 = 79 வாட்.
காற்றுக் கசிவு: அறையின் கன அளவு 18.75 கன மீட்டர். மணிக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறுகிறது என்று கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி என்ற கணக்கில், 0.33 × 18.75 × 12 = 74 வாட்.

மொத்தம் சுமார் 305 வாட். சில்லிட்டுக் கிடக்கும் அறையைச் சூடாக்கக் கொஞ்சம் கூடுதல் வேண்டும் என்பதால் 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார், அந்த உதவியும் நமக்கு உண்டு. இப்படிப்பட்ட அறைக்கு 2000 வாட் ஹீட்டர் வைத்தால் அது ஓயாமல் அணைந்து அணைந்து எரியும், அவ்வளவுதான்.

படி 2: எவ்வளவு பரப்பளவு?

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் பாருங்கள்.

மேற்பரப்பு எவ்வளவு சுடலாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வெறும் உலோகத்தில் ஒரு நிமிடம் கை வைத்திருந்தால் 51 டிகிரியிலேயே தோல் வெந்துபோகும். தெரியாமல் பட்டு உடனே கையை இழுத்துக்கொள்வதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். நான் 60 டிகிரியை உச்சவரம்பாக வைக்கிறேன். சின்னக் குழந்தைகள் நடமாடும் இடம் என்றால் அதற்கும் முன்னால் ஒரு கம்பித் தடுப்பு வேண்டும்.

20 டிகிரி அறையில் 60 டிகிரியில் நிற்கும் ஒரு செங்குத்துத் தகடு, பெயின்ட் அடித்திருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 250 வாட்டைக் கதிர்வீச்சாகவும் சுமார் 180 வாட்டைக் காற்றோட்டம் மூலமாகவும் வெளியேற்றும். ஆக 430 வாட். நமக்கு 500 வாட் வெளியேற வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்கும் மேலே போகிறது. சிறிய அறையில் அவ்வளவு பெரிய பலகைக்கு இடம் ஏது?

சரி, முன்பக்கத்தை 700 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம் என்று வைப்போம், அதாவது 0.35 சதுர மீட்டர். அது 150 வாட்டைப் பார்த்துக்கொள்ளும். மீதி 350 வாட்டைப் பின்பக்கம் ஒளித்துவைக்கும் ஃபின்கள், அதாவது வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடுகள், வெளியேற்ற வேண்டும். ஃபின்களுக்கு நடுவே ஏறும் காற்று மேலே போகப் போகச் சூடாகிவிடுவதால் அங்கே சதுர மீட்டருக்கு 150 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 350-ஐ 150-ஆல் வகுத்தால் 2.33 சதுர மீட்டர். பின்தகடே 0.35 தருகிறது. ஃபின்கள் தர வேண்டியது ஏறக்குறைய 2 சதுர மீட்டர்.

500 மி.மீ. உயரமும் 60 மி.மீ. ஆழமும் உள்ள ஒரு ஃபினின் இரு பக்கமும் சேர்த்து 0.06 சதுர மீட்டர். ஆகவே 33 அல்லது 34 ஃபின்கள், சுமார் 20 மி.மீ. இடைவெளியில். கருவியின் மொத்த ஆழம் 65 மி.மீ.தான் வருகிறது. ஃபின்களை 10 மி.மீ.க்கும் நெருக்கமாக அடுக்கினால் காற்று நுழையவே திணறும், பரப்பளவு கூடினாலும் வெப்பம் போகாது. ஃபின்கள் கண்டிப்பாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கை வாட்டில் வைத்தால் சூடான காற்று இடுக்கிலேயே தேங்கி நிற்கும்.

படி 3: உலோகமும் பெயின்ட்டும்

அலுமினியம்தான் நல்லது. இரும்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது, அதனால் ஒரு மி.மீ. தடிமனான ஃபின்னிலும் நுனிவரை சூடு ஒரே சீராக இருக்கும். முன், பின் தகடுகள் 2 மி.மீ. ஒவ்வொரு ஃபினையும் தனித்தனியாகப் பொருத்துவது பெரும்பாடு. அதற்குப் பதிலாக 1 மி.மீ. தகட்டை 'ப' வடிவில் மடித்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் 20 மி.மீ., இரு கால்களும் 60 மி.மீ. ஒரு 'ப' இரண்டு ஃபின்னுக்குச் சமம், ஆக 17 போதும். எல்லாம் சேர்ந்து 7 கிலோ வரும்.

பெயின்ட் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பளபளக்கும் வெறும் அலுமினியம் பார்க்க அழகுதான், ஆனால் கதிர்வீச்சு அநேகமாக இல்லவே இல்லை. பெயின்ட் அடித்த பரப்பு வெளியிடுவதில் அது இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெளியிடும். முன்பக்கத்தை அப்படியே விட்டால் 150 வாட்டுக்குப் பதில் 70 வாட்கூட வராது, மிச்சம் எல்லாம் சேர்ந்து தகட்டின் சூட்டை ஏற்றும். கறுப்புதான் அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த வெப்பநிலையில் வெளிவருவது அகச்சிவப்புக் கதிர், அதற்கு வெள்ளை பெயின்ட்டும் கறுப்பு பெயின்ட்டும் ஒன்றேதான். வெள்ளி நிற மெட்டாலிக் பெயின்ட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதில் உலோகத் துகள் கலந்திருக்கும். 'ப' துண்டுகள் பின்தகட்டில் உட்காரும் இடத்தில் பெயின்ட் கூடாது. ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால் அவற்றுக்கு பெயின்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எண்ணெய் நிரப்பிச் செய்யலாமே என்று தோன்றலாம். முதல் முயற்சிக்கு வேண்டாம். சூடேறும்போது எண்ணெய் விரியும், உள்ளே காற்றுக்கு இடம் விடாமல் நிரப்பி மூடினால் தகடுகளின் இணைப்பு பிளந்துவிடும்.

படி 4: சூடேற்றும் பகுதி

எனக்குப் பிடித்தது சிலிகான் ரப்பர் ஹீட்டர் மேட். தட்டையாக இருக்கும், 200 டிகிரி வரை தாங்கும், வெப்பத்தைப் பரவலாகத் தரும். 300 × 400 மி.மீ. அளவில், 250 வாட்டில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாகப் பிரித்தால் குளிர் குறைந்த நாளில் ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

230 வோல்ட்டில் 500 வாட் என்றால் 2.2 ஆம்ப்ஸ் மின்னோட்டம். ஒவ்வொரு மேட்டின் தடையும் 212 ஓம் அளவில் இருக்க வேண்டும், வாங்கியதும் மல்ட்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். 120 வோல்ட் உள்ள நாடுகளில் 4.2 ஆம்ப்ஸ், மேட்டின் தடை 58 ஓம். மேட்டை அந்தந்த வோல்ட்டேஜுக்கென்றே வாங்க வேண்டும். வாட் என்பது வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 250 வந்தால் நம் 500 வாட் 590 ஆகிவிடும், தகடும் 67 டிகிரி வரை போகும். அடுத்த படியில் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

படி 5: மூன்று அடுக்குப் பாதுகாப்பு

ஒரு தெர்மோஸ்டாட் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டால் ஹீட்டர் அணையவே அணையாது. லைன் வயரில் இந்த மூன்றையும் வரிசையாகப் போடுங்கள்.

முதலாவது, தகட்டில் 70 டிகிரியில் அணைக்கும் தெர்மோஸ்டாட். இரண்டாவது, 90 டிகிரியில் அணைந்து, கையால் பொத்தானை அழுத்தினால்தான் மீண்டும் வேலை செய்யும் கட்-அவுட். தானாகவே திரும்ப எரியும் வகையை வாங்காதீர்கள், ஏதோ கோளாறு என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். மூன்றாவது, 110 முதல் 120 டிகிரிக்குள் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ். இதன் கால்களை ஈயப்பற்று வைத்து ஒட்டக் கூடாது, அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும். லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) வைத்து நசுக்கி இணைக்க வேண்டும். மூன்றையுமே தகட்டின் மேல்பகுதியில் பொருத்துங்கள், அதிகம் சுடுவது அங்கேதான்.

அறையின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார் இவற்றிலிருந்து வேறு. அது கீழே, குளிர்ந்த காற்று நுழையும் இடத்தில், தகட்டைத் தொடாமல் இருக்க வேண்டும். மேலே வைத்தால் தன் சூட்டையே அறையின் சூடு என்று எண்ணி அணைந்துவிடும்.

படி 6: பொருத்துவது

பின்தகட்டையும் 'ப' துண்டுகளையும் வெப்பம் கடத்தும் எப்பாக்ஸியால் ஒட்டி, மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ரிவெட் அடியுங்கள். நடுவில் ரிவெட் அடித்தால் அதன் தலை மேட்டைக் குத்தும். இரண்டு மேட்களையும் நடுவில் 20 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டினால் சுற்றிலும் 40 முதல் 50 மி.மீ. ஓரம் மிஞ்சும். அந்த ஓரத்திலும் நடு இடைவெளியிலும் மேட்டின் தடிமனுக்குச் சமமான அலுமினியப் பட்டி வைத்து, மேலே முன்தகட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். நடு வரிசை போல்ட் இல்லையென்றால் தகடு உப்பிக்கொள்ளும்.

மேட்டை ஒட்டும்போது ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி உருளையால் அழுத்திக்கொண்டே போங்கள். காசளவு காற்றுக் குமிழ் மாட்டினாலும் அந்த இடத்தில் வெப்பம் தகட்டுக்குப் போக வழியின்றி ரப்பர் கருகத் தொடங்கும். ஒட்டி முடித்ததும் விரல்நுனியால் தட்டிப் பாருங்கள், குமிழ் உள்ள இடம் பொத்தென்று ஒலிக்கும்.

உள்ளே ஓடும் வயர்கள் சிலிகான் உறை போட்டவையாக இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. வெளியே வரும் கார்டு மூன்று இழை கொண்டது, அதை இழுத்தாலும் உள்ளே இணைப்பு அசையாதபடி கிளாம்ப் போடுங்கள். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுவது வழக்கம். யாராவது பிடித்து இழுத்துவிட்டால் கடைசியாகப் பிடுங்கிக்கொள்வது எர்த் ஆகத்தான் இருக்க வேண்டும். எர்த் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளிச்சென்று சுரண்டிவிட்டு, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள்.

சுவரில் மாட்டும்போது ஃபின் நுனிக்கும் சுவருக்கும் 30 மி.மீ., தரையிலிருந்து 100 மி.மீ., மேலே குறைந்தது 150 மி.மீ. இடைவெளி விடுங்கள். திரைச்சீலைக்கு அடியிலோ பிளக் பாயின்ட்டுக்கு நேர் கீழேயோ வேண்டாம்.

படி 7: சோதனை

மின்சாரம் தருமுன் எலக்ட்ரீஷியன் இரண்டு விஷயம் பார்ப்பார். எர்த் முனைக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே தடை 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) லைனுக்கும் எர்த்துக்கும் இடையே பல மெகா ஓம் காட்ட வேண்டும். இணைக்கும் சர்க்யூட்டில் 30 மில்லிஆம்ப்ஸ் கசிவுக்கே அணையும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள்.

பிறகு திறந்த வெளியில் ஓட விடுங்கள். 8 நிமிடத்தில் ஏற வேண்டிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருக்கும், 25 நிமிடத்தில் அநேகமாக முழுவதும். ஒரு தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி சென்சார்) முன்தகட்டின் மேல், நடு, கீழ் என மாற்றி மாற்றி ஒட்டி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடம் மட்டும் மற்றவற்றைவிட 10 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் உள்ளே குமிழ் இருக்கிறது, பிரித்து மீண்டும் ஒட்ட வேண்டியதுதான்.

அப்புறம் மூடல் சோதனை, இதையும் எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டே செய்யுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, நீங்களும் அங்கேயே நிற்க, தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாக நேரடியாக இணைத்துவிட்டு, ஒரு தடித்த பருத்தித் துண்டை ரேடியேட்டர் முழுவதும் போர்த்துங்கள். 90 டிகிரியில் கட்-அவுட் அணைக்க வேண்டும், துண்டில் பழுப்பு நிறமே ஏறியிருக்கக் கூடாது. அணைக்கவில்லையென்றால் கட்-அவுட் தகட்டோடு சரியாக ஒட்டி உட்காரவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்து மறுபடி போர்த்திப் பார்த்து, அது அணைந்த பிறகே தெர்மோஸ்டாட்டைப் பழையபடி இணைத்துச் சுவரில் மாட்டுங்கள்.