ஜெபக் கடிதம் எழுதப் போகிறவர்களுக்கு

கோபியில் எங்கள் சபையிலிருந்து ஓர் இளம் தம்பதி அடுத்த மாதம் ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவிக்கு மிஷனரிகளாகக் கிளம்புகிறார்கள். "என்னென்ன எடுத்துக்கிட்டுப் போறதுங்க அக்கா?" என்று அந்தப் பொண்ணு கேட்டாள். கொசுவலை, குக்கருக்கு இரண்டு கேஸ்கட், நம் ஈரோட்டு மஞ்சள் தூள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு. 2016 முதல் 2022 வரை அதே மலாவியில், முலாஞ்சே மலையடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பாம்பு, காய்ச்சல் எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது, எங்கள் செய்தியைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டு மாதம் ஒருமுறை சபைக்கு எழுத வேண்டிய ஜெபக் கடிதம்தான். எழுதியதில் பாதி உருப்படாதவை. அதில் கற்றது இது.

முதலில், எழுதும் நேரம். ஞாயிறு இரவு எழுதாதீர்கள். ஆராதனை முடிந்து வந்த களைப்பில் ஊர் ஞாபகம் ஆளைத் தின்றுவிடும். கரண்ட் போன இரவும் கூடாது. ஒரு நோட்டு வாங்கி, படுக்கும் முன் தினமும் ஒரே ஒரு வரி குறித்து வையுங்கள். 'டீசல் வரவில்லை.' 'மருத்துவச்சி இன்று சிரித்தாள்.' இது போதும். மாதக் கடைசி வியாழக்கிழமை அதைப் பார்த்து எழுதி அனுப்பினால் ஞாயிறு அறிவிப்புக்குச் செயலாளர் கையில் இருக்கும். பகலிலேயே அனுப்புங்கள். நம் ஊர் கடிகாரம் அங்கேயைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் ஒருமுறை இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இங்கே ஒரு மணிக்குச் செயலாளர் வீடே யாருக்கு என்ன ஆச்சோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். என் முதல் கடிதம் நாலு பக்கம். விமானம், வீடு, ஆஸ்பத்திரி, பதினோரு ஜெபக் குறிப்பு. ஒருவரும் பதில் போடவில்லை. மூன்றாவது கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதினேன். அங்கே ன்சிமா என்பார்கள், மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டுவது. நம் களிதான். கீரையோ சின்ன மீன் கருவாடோ தொட்டுக்கொள்ள இருக்கும். எனக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை. அப்புறம் சந்தையில் 'நந்தோலோ' என்று குவித்து வைத்திருந்ததைப் பார்த்தால், துவரை! நடுச்சந்தையில் அழுதேவிட்டேன். ஊறவைத்து, தோலைத் தேய்த்து எடுத்து, அன்று ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கினேன். இதை எழுதியதற்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பதினேழு பேர் பதில் போட்டார்கள். சின்ன வெங்காயம் கிடைத்ததா என்பதுதான் பாதிப் பேரின் கேள்வி. ஒரு அக்கா மாங்காய் ஊறுகாய் பார்சல் அனுப்பினார். பாட்டில் உடைந்து, கூட இருந்த பாட்டுப் புத்தகம் இன்றைக்கும் மணக்கிறது. கேட்டதை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

இனி, எனக்குச் சொல்லக் கூச்சமான விஷயம். இரண்டாம் வருஷ டிசம்பரில் நல்ல மழை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒதுங்கி நின்றவர்களிடம் என் வீட்டுக்காரர் பத்து நிமிஷம் பேசி ஜெபித்தார். கை தூக்கியவர்களை எண்ணி, 'நாற்பது பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்' என்று எழுதிவிட்டேன். சபையில் கைதட்டினார்களாம். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் பொருளாளர், "அந்த நாற்பது பேர் எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகிறவர்கள். பக்கத்து நகரமான பிளான்டயரில் மிஷன் வந்ததே 1876இல். அந்த ஊர்ப் பாட்டிமார் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் உண்மையை எழுதினேன். ஒரு குடும்பம் காணிக்கையை நிறுத்தியது. அதற்குப் பிறகு, எண்ணி நோட்டில் குறிக்க முடிந்ததை மட்டும் எழுதினேன். எத்தனை பிரசவம், எத்தனை குழந்தைக்கு எடை பார்த்தோம், அவ்வளவே.

காய்ச்சலை அரைகுறையாக எழுதாதீர்கள். மிஷனரி என்றாலே காய்ச்சலில் சாகிறவர் என்று கேட்டு வளர்ந்த சபைகள் நம்முடையவை. காரணம் இல்லாமலும் இல்லை. கோவையில் கத்தோலிக்க ஆயராக இருந்த பிரெசியாக், 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் போய் இறங்கினார். ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டார். ஆகவே 'மலேரியா' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால் உங்கள் அம்மாவுக்கு மூன்று நாள் சோறு இறங்காது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள், கால் மணி நேரத்தில் தெரிந்தது, மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை, பாலோடு போட்டுக்கொண்டேன், இப்போது வேலைக்குப் போகிறேன் என்று கடைசிவரை எழுதுங்கள். அவசரம் என்றால் நம் சபை ஆயருக்குப் போன் போடுங்கள், அது கடிதத்துக்கு உரியது இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2022 மே மாதம் மலாவிப் பணமான குவாச்சாவின் மதிப்பை 25 விழுக்காடு இறக்கினார்கள். ரூபாயில் பணம் வருகிறவர்களுக்கு லாபம்தானே என்று ஊரில் நினைத்தார்கள். எண்ணெய், சோப்பு, டீசல் விலையும் கூடவே ஏறுகிறது என்று சந்தைச் சீட்டை வைத்து எழுதிக் காட்டினால்தான் புரியும்.

எழுதி முடித்ததும், அங்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை அப்படியே படித்துக்காட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மருத்துவச்சி ஒருநாள் என் கடிதத்தைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டாள். 'இருளில் வாழும் இந்த ஜனங்கள்' என்று எழுதியிருந்தேன். "எங்கள் வீட்டில் சோலார் விளக்கு இருக்கிறதே, சிஸ்டர்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோயாளி பெயரும் வேண்டாம், கேட்காமல் எடுத்த குழந்தைப் படமும் வேண்டாம்.

சபைக்கு எழுத முடியாதது நிறைய இருக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை, கூட வேலை செய்கிறவர்மேல் கோபம், ஜெபமே வராத வாரங்கள். இதற்கென்று ஒரே ஓர் ஆளை ஊரிலேயே பேசி வைத்துக்கொண்டு போங்கள். எனக்குப் பெருந்துறையில் இருக்கிற என் அக்கா. அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, இறந்த இரவு எங்களுக்குக் கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது. காலையில் சார்ஜ் ஏறியபோது பதினான்கு மிஸ்டு கால். மத்தியானம் அடக்கம் முடிந்தது. அக்காவுக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். சபைக்கு மூன்று வரி.

ஒன்றுமே நடக்காத மாதமும் வரும். ஜூன், ஜூலையில் சிப்பெரோனி என்று ஒரு தூறல் மூட்டம் மலையை மூடிக்கொள்ளும். கோத்தகிரி மாதிரித் தேயிலைத் தோட்டமும் குளிரும், துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. அந்த மாதங்களில் எதையும் இழுத்துக்கட்டாமல், மழை என்று ஒரு வரியும், அன்றைக்கு நான் கற்ற சிச்சேவா மொழிச் சொற்கள் ஐந்தும் எழுதி அனுப்புவேன். 'முலி புவாஞ்சி' என்றால் எப்படி இருக்கிறீர்கள். அதில் வரும் 'மு' நம் ஊர் 'ங்க' மாதிரி, மரியாதைக்கு.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, சபை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாத தையல்கடைத் தாத்தா தடியை ஊன்றிப் பக்கத்தில் வந்து, "முலி புவாஞ்சிங்க, கண்ணு?" என்றார்.