குத்துயரமும் சாய்வும்: வடிவியலில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்

எங்கள் புளோக்கில் தொடக்கநிலை ஐந்து படிக்கும் சில பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். வடிவியலில் அவர்களுக்கு மதிப்பெண் போவது பெரும்பாலும் பெருக்கல் பிழையால் அல்ல, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுவதால்தான்.

அடிக்கடி பார்ப்பது முக்கோணத்தின் பரப்பளவு. அடிப்பக்கம் 10 செ.மீ., சாய்ந்த பக்கம் 8 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்று மூன்று எண்களும் படத்தில் இருக்கும். பிள்ளை 10ஐயும் 8ஐயும் பெருக்கிப் பாதியாக்கி 40 என்று எழுதிவிடும். சரியான விடை 30 சதுர செ.மீ. அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக எதிர்முனை வரை உள்ள தூரம்தான் உயரம். தமிழில் இதற்குக் குத்துயரம் என்று அழகான பெயர் இருக்கிறது. பள்ளியில் கணக்கை ஆங்கிலத்தில் படித்தாலும் வீட்டில் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். 'குத்து' என்று காதில் விழுந்தாலே சாய்ந்த பக்கத்தின் மேல் கை போகாது.

விரிகோண முக்கோணத்தில், அதாவது ஒரு கோணம் 90 பாகைக்கு மேல் இருக்கும் முக்கோணத்தில், குத்துயரம் வடிவத்துக்கு வெளியே கூட விழும். அங்கேதான் பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். அடிப்பக்கத்தை ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். அப்புறம் ஒரு தாளின் மூலையை அந்தக் கோட்டோடு ஒட்டி நகர்த்துங்கள். தாளின் நிமிர்ந்த ஓரம் எதிர்முனையைத் தொடும்போது அந்த ஓரம் காட்டுவதுதான் குத்துயரம். அடிப்பக்கம் கீழேதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, மூன்று பக்கங்களில் எதையும் எடுக்கலாம்.

கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கோணமானியை எடுக்காதீர்கள். படம் அளவுப்படி வரையப்படவில்லை என்று வினாத்தாளே சொல்லும். முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 பாகை, நேர்கோட்டின் மேல் உள்ளவையும் 180. அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அளக்கவே சொன்னால் மட்டும் கோணமானி. அதிலும் இரண்டு வரிசை எண்கள் இருப்பதால் 50ஐ 130 என்று படித்துவிடுவார்கள். முதலில் அது குறுங்கோணமா (90 பாகைக்குக் குறைவு) விரிகோணமா என்று பார்த்துவிட்டால் போதும்.

கோணத்தின் கைகள் நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்று நினைப்பவர்களும் உண்டு. மூன்று மணிக்குச் சுவர்க் கடிகாரத்திலும் கைக்கடிகாரத்திலும் முட்கள் காட்டுவது அதே 90 பாகைதான்.

சாய்சதுரம் என்ற பெயர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். சதுரத்தைச் சாய்த்து வைத்தாலும் அது சதுரம்தான். நான்கு பக்கங்களும் சமமாக இருந்தாலே சாய்சதுரம், அதற்குச் செங்கோணம் தேவையில்லை. சந்தேகம் வந்தால் தாளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.