தங்கச் சுரங்கம் லாபத்தில் ஓட வேண்டுமா? கிராம் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

சவுகார்பேட்டைப் பட்டறைகளில் கூட்டிய தூசியைக்கூட எறியாமல் சேர்த்து வைத்துத் தங்கம் எடுப்பார்கள், எடுக்கிற செலவைவிட வருகிற தங்கத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால்தான். சுரங்கத்துக்கும் அதே கணக்குதான்.

ஒரு டன் பாறையை உடைத்து, மேலே ஏற்றி, அரைத்து, தங்கம் பிரிக்க மொத்தம் என்ன செலவு என்று முதலில் பாருங்கள். அதை ஈடுகட்ட டன்னுக்கு எத்தனை கிராம் வேண்டுமோ அதுதான் கட்-ஆஃப் கிரேடு. அதற்குக் கீழே உள்ளதை ஆலைக்கு அனுப்பினால் நஷ்டம்.

பணம் அதிகம் ஒழுகுவது வெடி வைக்கும் இடத்தில், அங்கேதான் தாதுவோடு, அதாவது தங்கம் உள்ள பாறையோடு, வெறும் பாறையும் கலக்கும். டன்னுக்கு 5 கிராம் உள்ள தாது, ஆலை 90 சதவீதம் பிரித்தால் கைக்கு 4.5 கிராம் வரும். நாலு டன் தாதுவோடு ஒரு டன் வெறும் பாறை கலந்துவிட்டால் தரம் 4 கிராமாகி, கைக்கு 3.6 தான். அதனால் ஆட்களுக்கு வெட்டிய டன்னை வைத்து மட்டும் போனஸ் கொடுக்காதீர்கள், பாறையையும் சேர்த்து அள்ளிவிடுவார்கள்!

அப்புறம், இன்று வெட்டும் இடம் தீரும் முன்பே அடுத்த மட்டத்துக்குப் பாதை போட்டு, வைரமுனைத் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்துவிட வேண்டும். கையில் காசு குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தச் செலவுதான், சுத்த முட்டாள்தனம். ஆழம் போகப் போகக் காற்று, குளிரூட்டல், தண்ணீர் இறைப்பு எல்லாமே ஏறும். கோலார் தங்கவயலையே பாருங்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கம், தாதுவின் தரம் குறைந்து செலவு கட்டாமல் 2001-ல் மூடப்பட்டது.

தங்கம் பிரித்தபின் கொட்டிய பழைய கழிவு மேடு இருந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள், அரைக்கிற செலவில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்த மண் அது.