பவர் பிரஸ் கூடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாகன உதிரிபாகங்களுக்காகத் தகடு வெட்டி வளைக்கும் சிறிய பிரஸ் கூடங்கள் அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் வட்டாரங்களில் ஏராளம். அவற்றில் ஒருவருடைய விரல் போனால், பதிவேட்டில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. முதல் தவறும் அதுதான். ஒரே அசைவை ஷிஃப்ட் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு எப்போதாவது கவனம் சிதறத்தான் செய்யும். அந்த நேரத்திலும் கை டைக்குள் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சுக்குள்) போக முடியாதபடி இயந்திரத்தை அமைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 21ஆம் பிரிவில் கட்டாயமாக்கியது.

இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் ரேம் (தகட்டின் மேல் இறங்கி அழுத்தும் பாகம்) இறங்கும் என்ற ஏற்பாட்டில், ஒரு பொத்தானை டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு ஒரு கையால் வேலை பார்ப்பதைப் பார்த்தும் பாராமல் விடுவது அடுத்த தவறு. டேப் ஒட்டியவரைக் கண்டிக்கும் முன், பீஸ் கணக்கில் கூலி தந்து அவரை அவசரப்படுத்துவது யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ரேமின் ஒவ்வோர் அடிக்கும் முன் இரு பொத்தான்களும் விடுபட்டனவா, பிறகு அரை நொடிக்குள் இரண்டும் அழுத்தப்பட்டனவா என்று சரிபார்க்கும் ரிலேயைப் பொருத்திவிட்டால் டேப்புக்கு வேலையே இருக்காது.

கை குறுக்கிட்டால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரையை, அதாவது லைட் கர்டைனை, வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்ற நம்பிக்கைதான் இவற்றுள் மிகவும் ஆபத்தானது. சாவி கிளட்ச் (ரேமைச் சுழலும் சக்கரத்தோடு சாவி கொண்டு இணைக்கும் அமைப்பு) உள்ள பழைய பிரஸ்ஸில் ஓர் அடி தொடங்கிவிட்டால், ரேம் முழுச் சுற்று முடிக்காமல் நிற்காது. ஒளித்திரை கையைக் கண்டுகொண்டாலும் பயனில்லை. அத்தகைய பிரஸ்ஸுக்கு, தகடு மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்ட நிலையான கூண்டே தகுந்த காப்பு. நடுவழியில் நிற்கக்கூடிய, காற்றழுத்தத்தால் இயங்கும் நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ்ஸிலும் தூரத்தைக் கணக்கிட வேண்டும். கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உள்ளே போகலாம் என்று பாதுகாப்புத் தூரத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 13855 கொள்வதால், ரேம் நிற்க 0.2 நொடி ஆகுமானால், திரை டையிலிருந்து குறைந்தது 400 மில்லிமீட்டர் தள்ளி இருந்தாக வேண்டும். திரையின் கதிர் இடைவெளியைப் பொறுத்து இது இன்னும் கூடும். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரம் நீளும் என்பதால், பொருத்திய நாளில் சரியாக இருந்த தூரம் பின்னர் போதாமல் போய்விடும். ஆகவே நிற்கும் நேரத்தை அவ்வப்போது கருவி வைத்து அளக்க வேண்டும்.

டை மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்த உடனே கையை உள்ளே விடுவதும் தவறு. மின்சாரம் நின்ற பின்னும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும் வரை காத்திருந்து, சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரேமுக்கு அடியில் தாங்கு கட்டை கொடுத்த பிறகே தொட வேண்டும்.

இதனால் நேரம் வீணாகும் என்பார்கள். உண்மையில் நேரம் போவது போல்ட் தேடுவதிலும் உயரம் சரிசெய்வதிலும்தான். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸின் டை மாற்றத்தை 4 மணி நேரத்திலிருந்து 3 நிமிடத்துக்குக் கொண்டுவர ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ வழிகாட்டியபோது, இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய ஆயத்தங்களை முன்கூட்டி முடிக்கச் செய்தார்; காப்பு எதையும் கழற்றி அந்த நேரத்தை மிச்சப்படுத்தவில்லை.

கடைசியாக, டையின் வரைபடமும் அமைப்பு அளவுகளும் டூல்ரூம் மேஸ்திரி ஒருவரின் நினைவில் மட்டும் இருக்க விடுவது. 1997 பிப்ரவரியில் ஜப்பானின் காரியாவில் டொயோட்டாவுக்கு உதிரிபாகம் தரும் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தபோது, ஒரு சிறிய பிரேக் வால்வு கிடைக்காமல் டொயோட்டாவின் உற்பத்தியே பல நாட்கள் முடங்கியது. ஐசினிடமிருந்து வரைபடங்களைப் பெற்று மற்ற நிறுவனங்கள் வால்வு செய்து கொடுத்ததால்தான் அது விரைவில் மீண்டது. கொடுப்பதற்கு வரைபடமே இல்லாத கூடத்துக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.